மாடுகள் இல்லாத மூன்றாம் உலகப் போர்

காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் அக்கா மகனைப் பார்க்கலாம். முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டம், செல்போன் மறைத்துக்கொண்டிருக்கும். மாங்காய் சீசனில் மண்டியில் கணக்கு எழுதப் போவான், மற்ற நாளில் கல்லூரி, ராத்திரியானால் கால் ஆஃப் டூட்டி மொபைல். அதில் மண்டையோட்டு முகமூடி போட்ட கோஸ்ட் என்றால் அவனுக்கு உயிர்.

"கோஸ்ட்டைக் கொன்னது யாருன்னு தெரியுமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"செத்துட்டானா? இங்க நல்லாத்தானே மாமா ஓடிட்டிருக்கான்!"

அவன் மேல் தப்பில்லை. 2019 அக்டோபரில் வந்த அந்த மொபைல் ஆட்டம் ஒரு மாறுவேடப் போட்டி மாதிரி. பழைய ஆட்டங்களின் நாயகன், வில்லன், செத்தவன், கொன்றவன் எல்லோரையும் ஒரே மைதானத்தில் இறக்கிவிட்டிருக்கிறது. அவர்கள் எந்தப் போரில் யாரோடு சண்டை போட்டார்கள் என்பது அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் போர் ஒரு முழு உலகப் போர். கோடிக்கணக்கான பேர் ஆடிய கற்பனைப் போர்களில் அதற்குத் தனி இடம் உண்டு. அன்று திண்ணையில் பாதி சொல்லி நிறுத்தியதை இங்கே முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன். முடிவைச் சொல்லிவிட்டதாக யாரும் கோபிக்க வேண்டாம், கதைக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கால் ஆஃப் டூட்டி வரிசையில் மாடர்ன் வார்ஃபேர் என்ற பெயரில் 2007, 2009, 2011 என மூன்று ஆட்டங்கள். முதல் ஆட்டத்தின் கதை நடப்பது 2011இல். ரஷ்யாவில் உள்நாட்டுப் போர். சோவியத் காலத்துப் பெருமையை மீட்கப் புறப்பட்ட தீவிர தேசியவாதிகளுக்குத் தலைவன் இம்ரான் சகாயேவ். அமெரிக்காவின் கண் ரஷ்யா மேல் விழாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, ஒரு அரபு நாட்டில் காலித் அல்-அசாத் என்பவனைப் பிடித்து ஆட்சியைக் கவிழ்க்க வைக்கிறான். அந்த நாட்டுக்குப் பெயரே கிடையாது. ஈராக்கில் அமெரிக்கப் படை இருந்த காலத்தில் வந்த ஆட்டம், பெயர் வைக்காமல் விட்டதில் ஆச்சரியமில்லை. அமெரிக்கப் படை அங்கே இறங்குகிறது, தலைநகரில் அணுகுண்டு வெடிக்கிறது, 30,000 படைவீரர்கள் ஒரே நொடியில் போகிறார்கள். அதுவரை நாம் நடத்திக்கொண்டிருந்த சிப்பாயும் கவிழ்ந்த ஹெலிகாப்டரிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, கண்முன்னால் எழும்பும் புகையைப் பார்த்துவிட்டுச் சாகிறான். ஆடுகிறவனையே சாகடித்துத் தரையில் போட்டது அந்த நாளில் பெரிய அதிர்ச்சி.

கடைசியில் ஒரு பாலத்தின் மேல் சகாயேவைச் சுட்டுக் கொல்கிறார்கள். கதை முடிந்ததாகத்தான் தோன்றும். அடுத்த ஆட்டம் தொடங்கும்போது பார்த்தால் செத்தவன் ஜெயித்திருக்கிறான். ரஷ்யாவில் தேசியவாதிகள் ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். சகாயேவ் அங்கே தியாகி, மாஸ்கோ விமான நிலையத்துக்கு அவன் பெயர். நாம் கொன்றவனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள் என்று காட்டுகிற அந்த ஒரு இடத்தை, இந்த மூன்று ஆட்டங்களிலும் அரசியலைச் சரியாகப் புரிந்துகொண்டு எழுதிய இடம் என்று சொல்வேன். எதிரியின் ஊரில் எதிரிதான் நாயகன் என்பதைச் சுடும் ஆட்டங்கள் பெரும்பாலும் வசதியாக மறந்துவிடும்.

அந்த விமான நிலையத்தில்தான் உலகப் போர் பற்றிக்கொள்கிறது. கதைப்படி 2016 ஆகஸ்ட் 12. சகாயேவின் சீடன் விளாடிமிர் மகரோவ் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பயணிகளைக் கண்மூடித்தனமாகச் சுடுகிறான். அந்த நாலு பேரில் ஒருவன் சிஐஏ அனுப்பிய உளவாளி ஜோசப் ஆலன். ஆடுகிறவர் அவனாகத்தான் அந்தக் கூட்டத்தோடு நடந்து போக வேண்டும். உள்ளே போகுமுன் மகரோவ் தன் ஆட்களுக்கு ஒரே ஒரு கட்டளை போடுகிறான்: யாரும் ரஷ்ய மொழி பேசக் கூடாது. தப்பிப் பிழைத்தவர்கள் காதில் ஆங்கிலம்தான் விழுந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஆலனைச் சுட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடுகிறான். போலீஸ் வரும்போது கிடப்பது ஓர் அமெரிக்கன் பிணம். மறுநாள் ரஷ்ய பாராசூட் படை அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இறங்குகிறது.

இந்தக் காட்சிக்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆட்டத்திலேயே, வேண்டாம் என்றால் இதைத் தாண்டிப் போகலாம் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவார்கள். அந்தச் சர்ச்சை பற்றி நிறைய எழுதியாகிவிட்டது, நான் விடுகிறேன். எனக்கு அதைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது 1939.

அந்த வருஷம் ஆகஸ்ட் 31ஆம் தேதி ராத்திரி, போலந்து எல்லைக்குப் பக்கத்தில் ஜெர்மனியின் க்ளைவிட்ஸ் வானொலி நிலையத்துக்குள் ஒரு கும்பல் புகுந்தது. போலந்து மொழியில் ஜெர்மனிக்கு எதிராக ஏதோ ஒலிபரப்பியது. வந்தவர்கள் ஹிட்லரின் எஸ்.எஸ். ஆட்கள். போலந்துக்காரர்கள்தான் செய்தார்கள் என்று காட்ட, ஃப்ரான்சிஸ்செக் ஹோனியோக் என்பவரை முந்தின நாளே பிடித்து வைத்திருந்து, கொன்று, அங்கே கிடத்தினார்கள். விடிந்தால் செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்துக்குள் நுழைந்தது.

வேறு மொழியில் பேசி நடத்திய நாடகம், சாட்சியாக விட்டுவிட்டுப் போன ஒரு பிணம், மறுநாள் படையெடுப்பு. மகரோவ் செய்தது அப்படியே இதுதான். ஒரு இடத்தில் மட்டும் இரண்டும் பிரிகின்றன. க்ளைவிட்ஸ் நாடகம் நடக்கும்போது ஜெர்மன் படை ஏற்கெனவே எல்லையில் தயாராக நின்றுகொண்டிருந்தது. போர் தீர்மானமாகிவிட்டது, ஊருக்குச் சொல்ல ஒரு சாக்கு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆட்டத்தில் அந்தச் சாக்கையே காரணமாக்கிவிட்டார்கள். விமான நிலையத்தில் சுட்டதால்தான் போர், மகரோவ் அன்று காய்ச்சலில் படுத்திருந்தால் உலகம் நிம்மதியாக இருந்திருக்கும் என்பதுபோல.

1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதையும் இப்படித்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். சுட்டது ஜூன் 28. ஆஸ்திரியா செர்பியா மீது போர் அறிவித்தது ஜூலை 28. நடுவே ஒரு மாதம் முழுக்கத் தந்திகள், கெடுக்கள், யார் யாருக்குத் துணை என்ற கணக்குகள், எந்த ரயிலில் எந்தப் படையை ஏற்றுவது என்ற அட்டவணைகள். அந்த ஒரு மாதம்தான் உலகப் போரைச் செய்தது. ஆட்டத்தில் அந்த ஒரு மாதத்தை ஒரே நாளாகச் சுருக்கிவிட்டார்கள். ஆடுகிறவன் கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு தந்தி படிக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, சாக்கு கிடைத்துவிட்டது. ரஷ்யப் படை எப்படி அட்லாண்டிக்கைத் தாண்டியது? அக்கா மகனும் இதைத்தான் கேட்டான். "ரேடார்ல தெரியாதா மாமா?"

அதற்குக் கதையில் பதில் வைத்திருக்கிறார்கள். முன்பே ஓர் அமெரிக்கச் செயற்கைக்கோள் கீழே விழுந்துவிட்டது. எதிரி தாக்க வருகிறானா என்று கண்டுபிடிக்கும் கருவி அதில் இருந்தது. ரஷ்யர்கள் அதை எடுத்துப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். நம் ஆட்கள் கசகஸ்தான் பனிமலையில் ஏறி அதை மீட்டு வருவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. ஆக அமெரிக்காவின் கண் குருடு. கண்ணுக்கு மட்டும்தான் கதை பதில் சொல்கிறது, வயிற்றுக்குச் சொல்லவில்லை. வர்ஜீனியாவின் ஒரு குடியிருப்புப் பகுதியில் பர்கர் கடைக் கூரைக்காக ரஷ்யர்களோடு உயிரைக் கொடுத்துச் சண்டை போடுவோம். அந்த ரஷ்யனுக்கு மதியச் சாப்பாடு எங்கிருந்து வந்தது, அவன் வண்டிக்கு டீசல் யார் ஊற்றினார்கள் என்று எவரும் கேட்பதில்லை.

நிஜத்தில் இது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு 1944 ஜூன் 6 போதும். நார்மண்டியில் முதல் நாளில் கிட்டத்தட்ட 1,56,000 பேரை இறக்க ஏறக்குறைய 7,000 கப்பல்களும் படகுகளும் தேவைப்பட்டன. தாண்டியது இங்கிலீஷ் கால்வாயை. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 34 கிலோமீட்டர், நம் காவேரிப்பட்டணத்திலிருந்து தர்மபுரிக்குப் போகிற தூரம் மாதிரிதான். அட்லாண்டிக் கதையே வேறு.

அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊர்ச் சங்கதியே இருக்கிறது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று நிமிர்ந்தால் சையத் பாஷா மலை தெரியும், மேலே கோட்டை. இந்தப் பக்கம் முழுவதுக்கும் அந்தக் காலத்தில் பாராமகால் என்று பெயர். மைசூர் மேட்டிலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு, அதாவது அந்தக் காலத்தில் அப்படி அழைத்த ஆற்காட்டுப் பக்கத்துக்கு, இறங்குகிற கணவாய்கள் இங்கேதான் இருக்கின்றன. இறங்க வேண்டியவனும் ஏற வேண்டியவனும் நம் ஊர் வழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் போர்களும் இந்த வழியாகவே போயின. 1767 ஆகஸ்டில் ஹைதர் அலி படை இதே காவேரிப்பட்டணத்தை இரண்டே நாள் முற்றுகையில் பிடித்தது. அப்போது கிருஷ்ணகிரிக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி ஜோசப் ஸ்மித் பின்வாங்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 3ஆம் தேதி செங்கத்தில் இருவரும் மோதினார்கள். எந்தத் திண்ணையில் உட்கார்ந்து நீ கோஸ்ட்டை ஓட்டுகிறாயோ அதுவே ஒருகாலத்தில் மேப்தான்டா என்றேன். முதல்முறையாகப் போனிலிருந்து கண்ணை எடுத்தான்.

இதில் நான் சொல்ல வந்தது 1791. கம்பெனியின் கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸ் பெரிய படையோடு ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல்வரை போய்விட்டார். மே மாதம். திப்புவின் படையைக் களத்தில் தோற்கடித்தும் கோட்டையை முற்றுகையிட முடியவில்லை. காரணம் மாடுகள். பீரங்கி இழுக்கிற மாடு, மூட்டை சுமக்கிற மாடு எல்லாம் நோயிலும் பட்டினியிலும் கூட்டம் கூட்டமாகச் செத்தன. படைக்குத் தானியம் இல்லை. அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்த பெரிய பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். திரும்பியதும் அவர் முதலில் கவனித்தது வழியை. அந்த ஜூலையில் ஓசூரும் ராயக்கோட்டையும் கம்பெனி கைக்குப் போனது, கர்நாடகத்திலிருந்து அரிசி ஏறி வர ஒரு கணவாய் திறந்தாக வேண்டும் என்பதற்காக. பொதி மாடுகளில் தானியம் கொண்டுவந்த பஞ்சாராக்கள், நம் பக்கத்தில் லம்பாடி என்போமே, அவர்கள் இல்லாமல் அந்தப் படைக்கு அடுத்த வருஷம் கிடையாது. வழி திறந்த பிறகுதான் 1792 பிப்ரவரி முற்றுகை நடந்தது.

உலகின் பெரும்பாலான போர்கள் இப்படித்தான். ராயக்கோட்டை பார்க்க அழகாக இருக்கிறது என்று அங்கே யாரும் சண்டை போடவில்லை, அது வழியில் இருந்தது. ஆட்டம் எழுதுகிறவர்கள் இதைத் திருப்பிப் போட்டுச் செய்கிறார்கள் என்பது என் கணிப்பு. எந்த இடம் திரையில் எடுபடும் என்பது முதலில் முடிவாகிறது: எரிகிற வெள்ளை மாளிகை, நியூயார்க் பங்குச் சந்தைக் கூரை, சாய்கிற ஈபிள் கோபுரம். அங்கே படை எப்படி வந்தது என்ற காரணத்தை அப்புறம் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். விழுந்த செயற்கைக்கோள் அப்படித் தேடிப் பிடித்த காரணம். அந்தக் கோணத்தில் பார்த்தால் கதையில் இருக்கிற ஓட்டைகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன.

இன்னொரு பெரிய ஓட்டை அணுகுண்டு. அமெரிக்காவிடமும் ரஷ்யாவிடமும் ஆளுக்கு ஆயிரக்கணக்கில் கிடக்கிறது. வாஷிங்டன் எரியும்போது ஒருத்தரும் பொத்தானை அழுத்தாதது ஏன்? அழுத்தினால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும், அதுதான் உண்மையான பதில். ஆனால் அணு ஆயுதத்தை அடியோடு மறைத்தாலும் நம்ப முடியாது. அதனால் ஒரே ஒரு ஏவுகணையை, அதையும் நம் ஆளே விடும்படி வைத்தார்கள். நம் பக்கத்து நாயகன் கேப்டன் ப்ரைஸ் ஒரு ரஷ்ய நீர்மூழ்கியைப் பிடித்து அதிலிருந்து ஏவுகணையை அனுப்புகிறார். அது வாஷிங்டனுக்கு மேலே, விண்வெளியில் வெடிக்கிறது. கீழே விளக்கு, வண்டி, ஹெலிகாப்டர் எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிடுகின்றன. ரஷ்யர்களின் வண்டிகளும்தான்.

இது முழுக் கற்பனை இல்லை. 1962 ஜூலை 9ஆம் தேதி பசிபிக்கில் ஜான்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டு ஒன்றை வெடித்துப் பார்த்தது. சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. குண்டிலிருந்து கிளம்பும் காமா கதிர்கள் காற்று அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெறிய, அவை பூமியின் காந்தப்புலத்தில் வளைந்து ஓட, ஒரு பெரிய மின்காந்தத் துடிப்பு உண்டாகிறது. நீளமான கம்பிகள் அதை ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்கின்றன. ஹவாயில் அணைந்தது சில நூறு விளக்குகள்தான், பறந்துகொண்டிருந்த விமானம் எதுவும் கல் மாதிரி விழவில்லை. ஆட்டத்தில் மழை போலக் கொட்டுகின்றன. சினிமாத்தனம். ஆனால் அந்த இருட்டில், துப்பாக்கியின் சிவப்புப் புள்ளிகூட எரியாமல் மழையில் நடந்து போகிற அந்தச் சில நிமிஷம், மூன்று ஆட்டங்களிலும் எனக்குப் பிடித்தது.

மூன்றாவது ஆட்டத்தில் போர் ஐரோப்பாவுக்குப் போகிறது. சமாதானம் பேசக் கிளம்பிய ரஷ்ய அதிபர் வோர்ஷெவ்ஸ்கியின் விமானத்தை மகரோவ் கடத்துகிறான், அணு ஏவுகணைக் குறியீடுகளுக்காக. ஐரோப்பிய நகரங்களில் ஒரே நேரத்தில் விஷவாயு, பின்னாலேயே ரஷ்யப் படை. பாரிஸ், ஹாம்பர்க், பெர்லின். தாக்கினவன் பக்கத்திலேயே போரை நிறுத்த நினைக்கும் ஓர் அதிபரை வைத்தது கெட்டிக்காரத்தனம். கெட்டது ரஷ்யா அல்ல, மகரோவ் என்று தப்பித்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பக்கமும் இரண்டாவது ஆட்டத்திலேயே அதே தந்திரம்: ஜெனரல் ஷெப்பர்ட். முதல் ஆட்டத்தில் செத்தார்களே 30,000 பேர், அவர்கள் இவருடைய படை. நாடு அதை மறந்துவிட்டது என்ற ஆத்திரத்தில் இவரும் போரை விரும்புகிறார், உண்மை வெளியே வராமல் இருக்கத் தன் ஆட்களையே சுடுகிறார். கோஸ்ட்டைக் கொன்றது இவர்தான். ரஷ்யன் சுட்டிருப்பான் என்று நினைத்திருந்த அக்கா மகனுக்கு இதுதான் தாங்கவில்லை.

எதிரியைத் தேர்ந்தெடுப்பதில் வியாபாரக் கணக்கும் கலந்திருக்கிறது. 2011இல் வந்த ஹோம்ஃப்ரண்ட் ஆட்டத்தில் அமெரிக்காவைப் பிடிப்பது வடகொரியா. முதலில் அந்த இடத்தில் சீனாவைத்தான் வைத்திருந்தார்கள், பிறகு மாற்றினார்கள். இரண்டரைக் கோடி ஜனத்தொகையுள்ள வடகொரியா அமெரிக்காவைப் பிடிக்கிறது என்று நம்பவைக்க, கதைக்குள் எத்தனையோ முடிச்சுப் போட வேண்டியிருந்தது. சீனாவை நேராக எதிரியாக வைத்த பேட்டில்ஃபீல்ட் 4க்கு 2013இல் சீனாவில் தடை வந்தது. 2025இல் வந்த பேட்டில்ஃபீல்ட் 6இல் நேட்டோவை எதிர்ப்பது பாக்ஸ் அர்மாட்டா என்ற தனியார் கூலிப்படை. அதற்குக் கொடியும் இல்லை, தூதரகமும் இல்லை, கோபித்துக்கொண்டு தடை போட ஆளும் இல்லை. இனி இப்படிப்பட்ட எதிரிகள்தான் நிறைய வருவார்கள் என்று நினைக்கிறேன். மகரோவ் காலத்து ஆட்டங்களில் இருந்த துணிச்சல் இவற்றில் இல்லை.

துணிச்சல் எல்லை மீறிய கதையும் உண்டு. 2019இல் மாடர்ன் வார்ஃபேரைப் புதிதாக ஆரம்பித்தபோது, உர்சிகஸ்தான் என்ற கற்பனை நாட்டில் 'மரணச் சாலை' என்று ஒன்றைக் காட்டி, குண்டு போட்டது ரஷ்யர்கள் என்று சொல்ல வைத்தார்கள். நிஜத்தில் அந்தப் பெயர் வாங்கிய சாலை குவைத்திலிருந்து ஈராக்குக்குப் போவது. 1991இல் அதன்மேல் குண்டு போட்டவர்கள் அமெரிக்கக் கூட்டுப் படையினர். நாட்டுக்குக் கற்பனைப் பெயர் வைத்துவிட்டு, சாலைக்கு மட்டும் நிஜப் பெயர் வைத்து, பழியை இடம் மாற்றியதை நான் ரசிக்கவில்லை. தெரியாத பையன் அதை வரலாறு என்றே எடுத்துக்கொள்வான்.

போர் எப்படி முடிகிறது? சைபீரியாவில் ஒரு வைரச் சுரங்கத்திலிருந்து அதிபரை மீட்கிறார்கள், சமாதானம் வந்துவிடுகிறது. 2017 ஜனவரியில் ஓர் அரபு ஹோட்டலில் ப்ரைஸ் மகரோவைத் தூக்கில் தொங்கவிட்டுச் சுருட்டுப் பற்றவைக்கிறார். திரை இருட்டாகிறது. ஈபிள் கோபுரத்தைத் திரும்பக் கட்ட யார் பணம் கொடுத்தார்கள், வர்ஜீனியாவில் பிடிபட்ட ரஷ்யச் சிப்பாய்கள் எப்போது வீடு போனார்கள், ஒன்றும் தெரியாது. 1792 ஒப்பந்தத்தில் திப்பு பாதி ராஜ்யத்தையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுத்து, இரண்டு பிள்ளைகளைப் பணயமாக அனுப்ப வேண்டியிருந்தது. பாராமகாலும் அப்போதுதான் கம்பெனிக்குப் போனது. பின்னாலேயே அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து வரி போட வந்துவிட்டார்கள். நம் அப்பாக்கள் வைத்திருக்கும் பட்டாவின் வேர்கூட ஒரு போரின் கணக்குத் தீர்ப்பில்தான் இருக்கிறது. மகரோவ் செத்த மறுநாள் வருகிற சர்வேயரை ஆட்டத்தில் யாரும் காட்ட மாட்டார்கள், காட்டினால் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்?

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா மகன் கேட்டான்: "உலகப் போர்னு சொல்றீங்க, இதுல இந்தியா எங்க மாமா?"

இருக்கிறது. மூன்றாவது ஆட்டத்தின் தொடக்கத்தில் காயம்பட்ட இன்னொரு நாயகன் சோப் மக்டேவிஷை ஒளித்து வைத்து வைத்தியம் பார்க்கும் வீடு இமாசலப் பிரதேசத்தில். மகரோவின் ஆட்கள் அங்கேயும் தேடி வருகிறார்கள். வீடு இடிகிறது, ஆற்றங்கரையில் ஒரு ஹெலிகாப்டர் காத்திருக்கிறது, ஏறிப் போய்விடுகிறார்கள்.

"அப்புறம்?"

"அப்புறம் இந்தியா வராது."

"அவ்ளோதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேட்சுக்கு ரெடி பட்டனை அழுத்தினான். கோஸ்ட் மறுபடியும் உயிரோடு வந்து நின்றான்.